குடந்தையில் மூன்று நாள்

நம் நாட்டில் வெளியூர்ப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். கல்யாணம், காதுகுத்தல், கோர்ட்டு வழக்கு என்று காரியத்துக்காகப் போகிறவர்கள் ஒரு வகை; புண்ணியத்துக்காகப் போகிறவர்கள் மற்றொரு வகை. ஓர் ஊருக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவது என்பது நமக்கு இன்னும் சற்றுக் கூச்சம் தருகிற காரியமாகவே இருக்கிறது. அப்படி ஓர் ஆசை உண்டாகிவிட்டாலோ, உடனே மலைமேல் ஏறிவிடுகிறோம். உதகமண்டலமும் கொடைக்கானலும் அழகான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை, தங்கள் தேசத்துக் குளிரை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர்கள் அந்த ஏக்கம் தீர்வதற்காக உண்டாக்கிக்கொண்ட வாசஸ்தலங்கள். அவர்கள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவர்களுடைய ஏக்கத்தை மட்டும் நாம் விடாமல் காப்பாற்றி வருகிறோம். சித்திரை மாதத்தில் மலைப்பாதையில் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்தால், இளைப்பாறப் போகிறவர்கள் இளைத்துப் போய்த்தான் திரும்புவார்கள் என்று தோன்றுகிறது.

நம் முன்னோர்கள் ஓய்வு என்று கருதியது வேறு. ஓர் ஆறு; ஆற்றுக்கு இறங்குகிற கல் படிகள்; படிக்கு மேலே ஓர் அரச மரம்; நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயில்; கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை. இவ்வளவும் இன்னும் ஒரே ஊரில் கிடைக்கின்றன என்றால் அந்த ஊர் கும்பகோணம். வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, நடுவில் கோபுரங்களும் குளங்களும் கடைத்தெருக்களுமாக அமைந்த பழைய நகரம் அது. ஏற்ற இறக்கமில்லாத சமதரை. வயதான தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த ஒரு சௌகரியத்தைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணத்துக்குப் போகாதவர்கள் யார் என்று நேயர்கள் கேட்கலாம். போகிறார்கள்; ஆனால் எப்படிப் போகிறார்கள்? நள்ளிரவில் வந்து இறங்கி, நான்கு மணிக்குக் குளித்து, ஐந்து மணிக்கு ஒரு வண்டியில் ஏறி, ஒரே பகலில் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் சுற்றிவிடுகிறார்கள். திங்களூர் ஒரு திசை. திருநள்ளாறு ஒரு திசை. கீழப்பெரும்பள்ளமும் திருவெண்காடும் ஏறக்குறையக் கடற்கரை. நடை சாத்துவதற்குள் அடுத்த கோயிலைப் பிடிக்க வேண்டும் என்ற பதைப்பில், எந்தக் கோயிலில் எந்தக் கிரகம் என்பதே மறந்துபோகிறது. இரவு திரும்பி வரும்போது குழந்தைகள் தூக்கத்தில் அழுகின்றன. பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. வீட்டு எஜமானி, கட்டிச் சோற்றுப் பாத்திரங்களை எங்கே கழுவலாம் என்று தேடுகிறாள். இதில் சனி பகவான் ஒருவரைத் தவிர மற்ற எட்டுப் பேரும் திருப்தி அடைவார்களா என்பது சந்தேகம். வேண்டுதல் உள்ளவர்கள் அவசியம் போகட்டும். அதற்கு ஒரு தனிப் பிரயாணம் வைத்துக்கொள்ளட்டும். ஓய்வுக்கென்று போகிற மூன்று நாளில் அதைக் கலக்க வேண்டாம் என்பதே நமது யோசனை.

எப்போது போவது என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆற்றங்கரை ஊருக்குப் போகிறவன் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டிய காலம் இது. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது முதல் காவிரியின் வரவும் செலவும் அங்கே உள்ள மதகுகளின் கையில் இருக்கின்றன. ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்கு அணையைத் திறப்பதும், ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் மரபு. அணையில் போதிய நீர் இருந்தால்தான் ஜூன் மரபு நடக்கும். இல்லாத ஆண்டுகளில் தேதி தள்ளிப்போய்விடும். திறந்த நீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, அங்கே பல கிளைகளாகப் பிரிந்து, அதில் ஒரு பங்குதான் கும்பகோணத்துப் படித்துறைகளைத் தொடுகிறது. ஆகையால் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கே வருகிறவர்கள் காவிரியைப் பார்க்க மாட்டார்கள். காவிரி படுத்திருந்த இடத்தைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறை சரியாக அந்த மாதங்களில் வருவது நம்முடைய துரதிர்ஷ்டம்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வந்தால் புது வெள்ளத்தைப் பார்க்கலாம். பெண்கள் படித்துறையில் கூடிக் காதோலை கருகமணி வைத்து, சித்திரான்னம் படைத்துக் கும்பிடுகிற காட்சி அந்த ஒரு நாளுக்கே உரியது. ஆனால் வெயில் தணிந்திருக்காது, கூட்டமும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நம்மைக் கேட்டால் மார்கழிதான் சரியான மாதம் என்போம். அரைப் பரீட்சை முடிந்து குழந்தைகளுக்குச் சில நாள் விடுமுறை கிடைக்கிறது. மழை ஓய்ந்து வயல்கள் பச்சென்று நிற்கின்றன. அணை இன்னும் மூடவில்லை. விடியற்காலையில் கோயில்தோறும் திருப்பாவை கேட்கிறது. மார்கழியிலும் சனி, ஞாயிறை விட்டு வாரத்தின் நடுநாட்களில் வருவது புத்திசாலித்தனம். மேற்சொன்ன ஒன்பது கிரக வண்டிகள் பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில்தான் அணிவகுத்து வருகின்றன.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் இரவுப் பிரயாணத்துக்கு ஏற்றது. சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் வருகிறது. இரவில் தூக்கம் வராதவர்கள் பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதே மேல். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது சோழ நாட்டுக்குள் புகுந்துவிட்டோம் என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம். கும்பகோணத்து ரயில் நிலையம் மகாமகக் குளத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஜாகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயல் நடுவில், பழைய அக்கிரகாரம் போலக் கட்டிய விடுதிகள் இப்போது ஊரைச் சுற்றித் தோன்றியிருக்கின்றன. அவை வசதியானவையே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஊருக்குள் வர வண்டி வேண்டும். பொற்றாமரைக் குளத்துக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட பழைய ஊரில் ஒரு சுத்தமான அறை கிடைத்தால் அதுவே போதும். எதற்கும் நடந்தே போய் வரலாம். கொசுவத்தியோ கொசுவலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். கும்பகோணத்துக் கொசுவின் கீர்த்தி பழமையானது; அதன் பராக்கிரமம் இன்னும் குறையவில்லை.

முதல் நாள் காலை வேறு எதற்கும் முன்னால் ஆற்றுக்குப் போங்கள். பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை என்று வரிசையாகத் துறைகள் இருக்கின்றன. டபீர் என்பது மராட்டியர் ஆட்சியில் வழங்கிய ஓர் உத்தியோகப் பெயர். ராஜ்யமும் போய், உத்தியோகமும் போய், படித்துறையில் மட்டும் பெயர் நிற்கிறது. ஸ்ரீரங்கத்துக் காவிரியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து, “இவ்வளவுதானா!” என்று கேட்பது வழக்கம். ஆம், இவ்வளவுதான். வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தவள் இங்கே மெலிந்துதான் இருப்பாள். எதிர்க்கரையில் நிற்கிறவர் முகம் தெரிகிற அகலம். பேசினால் காதில் விழுகிற தூரம். ஊரோடு இவ்வளவு நெருங்கிய ஆறு அபூர்வம்.

ஆற்றைப் பற்றி இன்பமான வார்த்தைகள் மட்டும் சொல்லி நிறுத்துவது நேயர்களை ஏமாற்றுவதாகும். சில துறைகளில் படிகள் பெயர்ந்திருக்கின்றன. நகரத்துக் குப்பையும் கழிவு நீரும் கரையோரம் கலக்கிற இடங்கள் உண்டு. குளிப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, நீரோட்டம் உள்ள துறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கலாம். மேலணையில் நீரை மிகுத்துத் திறந்தால் ஓட்டமும் சட்டென்று கூடும். ஆகையால் குழந்தைகளைக் கடைசிப் படிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. காவிரி நீரைப் பங்கிடுவது பற்றிய வழக்கு 1990-இல் நடுவர் மன்றத்துக்குப் போய், 2007-இல் தீர்ப்பாகி, 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொல்லியது. எல்லையில் எவ்வளவு வருகிறது என்பதற்கு இவ்வளவு வாதாடுகிற நாம், வந்த நீரில் எதைக் கொட்டுகிறோம் என்பதற்கு யாரிடம் வாதாடுவது? பக்கத்து ராஜ்யத்தாரிடம் கேட்க முடியாத கேள்வி இது. டபீர் படித்துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிற எந்தக் குடும்பஸ்தருக்கும் இந்தக் கேள்வி தானாகத் தோன்றும்.

ஆற்றின் கரையில், ஊரைப் பார்த்தவாறு நிற்கிற பழைய கட்டடங்கள் அரசினர் கலைக்கல்லூரியைச் சேர்ந்தவை. 1854-இல் ஆரம்பித்த கல்லூரி அது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அதற்கு அந்தக் காலத்தில் பெயர். மகான் ஒருவர் ஊரைக் கேம்பிரிட்ஜோடு ஒப்பிட்டால்தான் நமக்குப் பெருமை உண்டாகும் என்பதில்லை. ஆனால் இந்தக் கல்லூரியின் கதையைக் கேட்டால் கேம்பிரிட்ஜ்தான் பெருமைப்பட வேண்டும் என்று தோன்றும். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் கும்பகோணத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தொலைந்துபோன பொருள்கள் இந்த ஊரின் சம்பந்தத்தால் திரும்பக் கிடைக்கின்றன.

முதற்கதை ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தார். அந்தக் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் சிலர், குடந்தைப் பெருமாளாகிய ஆராவமுதனைப் பற்றிப் பத்துப் பாசுரங்கள் பாடினார்கள். முடிவுப் பாட்டில், இவை ஆயிரத்தில் ஒரு பத்து என்று கண்டிருந்தது. மற்றவை எங்கே என்று நாதமுனிகள் கேட்டார், அவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணத்துக்கு வந்து கேட்டார். இங்கேயும் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர் வரை நடந்து, நாலாயிரத்தையும் பெற்று வந்தார் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்கிறது. பத்துப் பாட்டுக்குத் தலைவனான அந்தப் பெருமாள் சாரங்கபாணி கோயிலில் இன்றும் படுத்திருக்கிறார். முழுவதும் படுக்காமல், திருமழிசையாழ்வார் கேட்டுக்கொண்டதால் எழுந்திருக்கத் தொடங்கிய நிலையில் இருக்கிறார் என்பது ஐதீகம். கோயிலின் கர்ப்பக்கிருகமே குதிரைகளும் யானைகளும் இழுக்கிற கல் தேராக அமைந்திருக்கிறது. உத்தராயணத்துக்கு ஒரு வாசல், தக்ஷிணாயனத்துக்கு ஒரு வாசல். பதினொரு நிலைக் கோபுரத்தைத் தெருவின் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்து வர வேண்டும். வண்டியில் வந்து வாசலில் இறங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

இரண்டாவது கதை 1880-இல் நடந்தது. அவ்வாண்டு, இந்தக் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்து வந்த தமிழாசிரியர் பதவிக்கு இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரர், வே. சாமிநாதையர். அப்போது சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் இந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்தார். அவரைப் பார்க்க ஐயர் போனபோது, என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்டார். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் நீண்ட பட்டியலாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்களைச் சொன்னார். தமிழில் வல்லவரான அந்த வாலிபர் அவற்றைப் படித்ததில்லை. அக்காலத்தில் எவரும் அவற்றைப் பாடம் சொல்வதில்லை. அந்த முன்சீப் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். ஜைன நூலாகிய அதில் எழுந்த சந்தேகங்களை, இந்த ஊரிலேயே வசித்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார் ஐயர். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாயிற்று. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இவ்வளவும் அவர் கும்பகோணத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில், கல்லூரி வேலை போக மிகுந்த நேரத்தில் வெளிவந்தவை. நம் குழந்தைகள் கண்ணகியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கண்ணகி கரையான் வாயிலிருந்து மீண்டதற்கு, இந்த ஊரில் ஒரு நாள் நடந்த சிறு சம்பாஷணை காரணம்.

ஐயர் 1903-இல் சென்னை ராஜதானிக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த ஆண்டு, அதாவது 1904-இல், அவர் விட்டுப் போன அதே கல்லூரியில் ஒரு பிள்ளை உதவித் தொகையோடு வந்து சேர்ந்தார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில், புடவைக் கடைக் குமாஸ்தா ஒருவருடைய மகன். ஊர்ப் பள்ளிக்கூடமாகிய டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு வாங்கியவர். கல்லூரியில் கணிதம் தவிர மற்ற எதிலும் மனம் செல்லவில்லை, உதவித் தொகை போயிற்று, பரீட்சையும் போயிற்று. ஸ்ரீனிவாஸ ராமானுஜன் என்ற அந்தப் பிள்ளையின் பெயரைக் கேம்பிரிட்ஜ் பின்னால் நன்றாகத் தெரிந்துகொண்டது. 1919-இல் நோயோடு தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அந்தக் கடைசி ஓராண்டில் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் எங்கேயோ மறைந்து கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித நிபுணர் கண்ணில், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூல் நிலையத்தில் தென்பட்டன. அவற்றின் பொருளை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இது மூன்றாவது கதை.

சந்நிதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இப்போது ஞாபகார்த்த இல்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. 2003-இல் ஜனாதிபதி அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். ஓட்டு வீடு, சிறு திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், உள்ளே ஒரு கட்டில். பார்த்து முடிக்கப் பத்து நிமிஷம் போதும். காகிதத்துக்குப் பணமில்லாமல் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் உட்கார்ந்த இடம் என்று சொல்லி, கணக்குக்குப் பயப்படுகிற குழந்தையையும் பரீட்சையில் தவறிய பிள்ளையையும் அங்கே சற்று உட்கார்த்தி வைப்பது நல்லது. உபதேசம் ஒன்றும் வேண்டாம்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கே கோயில்கள் நடை சாத்திவிடும். மாலை நான்கு மணிக்குமேல்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் இதை ஒரு தொந்தரவாக நினைக்கிறார்கள். பகவானே பகலில் நான்கு மணி நேரம் ஓய்வெடுத்துக்கொள்கிற ஊரில் நமக்கு மட்டும் என்ன அவசரம்? வாழை இலையில் சாப்பிட்டு, கும்பகோணத்து வெற்றிலை நான்கு போட்டுக்கொண்டு படுத்துவிட வேண்டும். அகத்திக் கால்களில் படரவிட்டு ஆற்றோரக் கொடிக்கால்களில் வளர்க்கிற வெற்றிலை அது. காரம் குறைவு, மென்மை அதிகம். காலையில் இட்டிலிக்குக் கடப்பா என்று ஒன்று கொடுப்பார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பைத் தஞ்சை ஜில்லாவுக்கு வெளியே யாரும் சரியாகச் செய்வதாகத் தெரியவில்லை. காப்பியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நெடுஞ்சாலைகளில் பத்து மைலுக்கு ஒரு தரம் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று பலகை தொங்குகிறது. கலப்பில்லாத பாலென்று மானி வைத்துப் பார்த்ததால் டிகிரி என்று பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பலகைகளுக்கும் இந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம், பெயரோடு சரி. பித்தளை டபராவில் நுரை அடங்குவதற்குள், இந்த ஊரிலேயே ஒரு தரம் குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு அபிப்பிராயம் சொல்லுங்கள்.

ஊருக்குள் உள்ள கோயில்களை எண்ணி முடிக்க முடியாது. எண்ண வேண்டியதும் இல்லை. கும்பேசுவரரைத் தரிசித்தபின், இரண்டே இரண்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்போம். ஒன்று நாகேசுவரன் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு முற்சோழர் காலத்துக் கற்கோயில். கர்ப்பக்கிருகத்துச் சுவரில் தேவர்கள் மட்டுமல்ல, மனிதர்கள் நிற்கிறார்கள். யார் என்று பெயர் தெரியாத ஆண்களும் பெண்களும். தலையைச் சற்றுச் சாய்த்து, ஏதோ நினைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு பொம்மைகளைச் சிற்பம் என்று சொல்ல மாட்டார்கள். அடித்தளத்தில் உள்ளங்கை அளவுக் கற்களில் ராமாயணக் கதை செதுக்கியிருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். இன்னொன்று ரகுநாத நாயக்கர் காலத்து ராமசாமி கோயில். இங்கே ராமனும் சீதையும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்திருக்க, அநுமார் ஒரு கையில் வீணையோடு இருக்கிறார். பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுவதும் சித்திரமாகத் தீட்டியிருக்கிறது. மூன்று முறை வலம் வந்தால் கதை முடியும். பாட்டி கதை சொல்லிக்கொண்டு முன்னால் நடக்க, பேரக் குழந்தைகள் பின்னால் போக, பிரதக்ஷிணமும் ஆயிற்று, கதையும் ஆயிற்று.

இரண்டாம் நாள் மாலையைத் தாராசுரத்துக்கு ஒதுக்க வேண்டும். மேற்கே இரண்டரை மைல். இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அங்கே சோழர்கள் தங்கள் பலத்தைக் காட்டினார்கள். இங்கே தங்கள் ரசனையைக் காட்டுகிறார்கள். குதிரை பூட்டிய சக்கரத்தோடு ஒரு மண்டபம். தட்டினால் ஸ்வரம் பேசுகிற படிகள், இப்போது கம்பிக் கூண்டுக்குள். யானையின் தலையை மறைத்தால் காளை, காளையை மறைத்தால் யானை என்று இரண்டுக்கும் ஒரே தலையாக ஒரு சிற்பம். பெரியபுராணத்து நாயன்மார்களின் வரலாறு சுவரின் அடியில் வரிசையாகச் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகிறது. நாலரை மணிக்குப் போய், சாய்ந்த வெயில் கல்லின்மேல் பொன்னிறமாகப் படிகிறவரை இருந்து வர வேண்டும். திரும்பும் வழியில் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டால் நின்று கேளுங்கள். சௌராஷ்டிர நெசவாளர் பட்டு நெய்கிறார்கள். கிழக்கே திருபுவனத்திலும் அவ்வாறே. புடவை வாங்குவதாக இருந்தால், நெய்கிறவர்கள் ஊரில், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவது அவர்களுக்கு நாம் செய்கிற உபகாரம் அல்ல. நமக்கு நாம் செய்துகொள்கிற நியாயம்.

சுவாமிமலைக்கு மூன்றாம் நாள் காலையில் போகலாம். தமிழ் வருஷம் அறுபதின் பெயரால் அறுபது படிகள். ஏற முடியாதவர்கள் கீழே இருந்தபடி கும்பிடலாம், முருகன் கோபிக்க மாட்டான். தெருவில் ஸ்தபதிகளின் பட்டறைகள் உள்ளன. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணால் அதை மூடி, காய்ச்சி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். ஆகையால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. அடியில் கிடக்கிற அந்த மண்ணைப் பாருங்கள். மெல்லிய கோட்டைக்கூட விடாமல் பிடித்துக்கொள்கிற அந்த வண்டல், ஆறு ஓடினால்தான் வந்து படியும்.

மகாமகக் குளத்துக்குச் சாயங்காலம் காற்று வாங்கப் போகலாம். சுற்றிலும் பதினாறு மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களின் மந்திரி கோவிந்த தீட்சிதர் திருப்பணி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாசியில் வருகிற மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். 1992-ஆம் ஆண்டு மகாமகத்தில் நெரிசலில் சிக்கி நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்த துக்கம் ஊராருக்கு இன்னும் மறக்கவில்லை. புண்ணியம் தேடுகிறவர்கள் அந்த ஆண்டு எச்சரிக்கையோடு வரட்டும். ஓய்வு தேடுகிறவர்கள் வேறு ஆண்டு வரலாம்.

கடைசியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மூன்று நாளில் வீட்டு அம்மாள் அடுப்பு மூட்டக் கூடாது என்று புறப்படும் முன்பே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். செலவை மிச்சம் பிடிப்பதாக எண்ணி ஸ்டவ்வையும் சாதம் வடிக்கிற பாத்திரத்தையும் மூட்டை கட்டினால், ஐந்து பேர் ஓய்வுக்கும் ஒருத்தி வேலைக்கும் போனதாகவே கணக்கு. ஊர் முழுவதும் நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் குழந்தைகளை நீங்கள் ராமசாமி கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு, அவரைப் படித்துறையில் தனியே உட்கார விட்டுவிடுங்கள். என்ன செய்துகொண்டிருந்தாய் என்று திரும்பி வந்து விசாரிக்கவும் வேண்டாம்.

திரும்பும் நாளில் பெரிய கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரங்களும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் பார்க்கலாம். கனமான விளக்கை ரயிலில் தூக்கிவர இயலாதவர்கள் வெற்றிலை மட்டும் வாங்கினாலும் போதும். மாலையில் வாங்கி, ஈர வாழைச் சருகில் சுற்றி, பையின் மேற்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வைத்தால் ஊர் போய்ச் சேருவதற்குள் கறுத்துவிடும்.